மடிநோய்க்கு ஒரு மருந்தா, கூட்டு மருந்தா?

கறவை மாடு வைத்திருப்போருக்கு மடிநோய் புதிதல்ல. காலையில் கறக்க உட்காரும்போது ஒரு காம்பின் மேல்பகுதி வீங்கிச் சூடாக இருக்கும். பசு கை வைக்க விடாது. பால் திரிதிரியாகவோ, மோர்த் தண்ணீர் போலவோ, சில சமயம் இரத்தம் கலந்தோ வரும். உடனே கவனித்தால் அந்தப் பகுதி பிழைக்கும். தாமதித்தால் அது கல்லாக இறுகி, அந்தக் காம்பில் பால் என்பதே இல்லாமல் போய்விடும். மூன்று காம்புப் பசுவைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றால் என்ன விலை கேட்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

இந்நோய்க்கு ஊசி போட்டும் குணம் தெரியாதபோது, "இன்னும் ஒரு மருந்தைச் சேர்த்துப் போட்டுவிடுங்கள்" என்று மாட்டுக்காரரே கேட்பது உண்டு. மருந்துக் கடைகளிலும் இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகள் ஒரே குப்பியில் கலந்து வருகின்றன. ஒன்று செய்யாததை இரண்டு செய்யும் என்ற எண்ணம் இயல்பானதுதான். சில இடங்களில் அது சரி. பல இடங்களில் சரியல்ல. சில நேரம் இரண்டாவது மருந்து முதல் மருந்தின் வேலையையே கெடுத்துவிடுகிறது. எந்த இடத்தில் எது என்று தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், மடியும் மிஞ்சும்.

ஊசி ஏன் கேட்பதில்லை?

மடிநோயை உண்டாக்கும் கிருமிகள் பல. அவற்றுள் முக்கியமானவை ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள், சாணத்தில் உள்ள ஈ. கோலி ஆகியவை. இம்மூன்றில் மாட்டுக்காரரை அதிகம் அலைக்கழிப்பது ஸ்டெபிலோகாக்கஸ்தான். கறப்பவர் கை, துடைக்கும் துணி, கறவை இயந்திரத்தின் குவளை இவற்றின் வழியாக ஒரு மாட்டிலிருந்து அடுத்த மாட்டுக்குப் போகும். ஒரு முறை மடிக்குள் குடியேறினால் எளிதில் வெளியேறாது.

இதற்குப் பென்சிலின் கேட்காமல் போவதற்குக் காரணம், இந்தக் கிருமியில் பல இனங்கள் பென்சிலினை உடைத்துப் பயனற்றதாக்கும் ஒரு நொதியைச் சுரப்பதே. ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய ஏப்ரகாம், செயின் என்ற இரு விஞ்ஞானிகள், பென்சிலினை உடைக்கும் நொதி பாக்டீரியாக்களில் இருப்பதை 1940-ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதிவிட்டார்கள். பென்சிலின் கடைக்கு வருவதற்கு முன்பே அதற்கான எதிர் ஆயுதம் கிருமியிடம் தயாராக இருந்தது!

இன்னொரு காரணமும் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்டெபிலோகாக்கஸ் கிருமி மடியின் திசுவுக்குள் சிறு சிறு சீழ்க் கட்டிகளாகப் பதுங்கிக்கொள்ளும். இரத்தத்தின் வெள்ளை அணுக்களுக்குள்ளேயும் உயிரோடு இருக்கும். வழவழப்பான ஒரு படலத்தைத் தன்மேல் போர்த்திக்கொள்ளும். சுற்றிலும் தழும்பு கட்டிவிட்டால் மருந்து அங்கே போய்ச் சேருவதே அரிது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் "இந்த மருந்துக்குக் கட்டுப்படும்" என்று அறிக்கை வரும், மடியிலோ கட்டுப்படாது.

ஆகவே மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமி வேறு, மருந்து எட்டாத இடத்தில் இருக்கும் கிருமி வேறு. முதல் வகைக்குச் சரியான கூட்டு மருந்து உதவலாம். இரண்டாவது வகைக்கு இரண்டல்ல, நான்கு மருந்தைச் சேர்த்தாலும் பயன் குறைவுதான்.

காசநோய் கற்பித்தது

மருந்தைக் கூட்டிக் கொடுக்கும் வழக்கத்துக்கு வலுவான ஆதாரம் மனிதர்களின் காசநோய்ச் சிகிச்சையிலிருந்து வந்தது. பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துச் சோதித்த முடிவுகள் 1948-இல் வெளியாயின. முதல் ஆறு மாதங்களில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தனர். பலன் கண்கூடு. ஆனால் மருந்து பெற்றவர்களில் பெரும்பாலோரின் சளியில் சில மாதங்களுக்குள் ஸ்ட்ரெப்டோமைசினுக்குக் கட்டுப்படாத கிருமிகள் தோன்றிவிட்டன. பிறகு பாஸ் என்ற இரண்டாவது மருந்தைச் சேர்த்தபோது இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

சென்னையிலும் இதே கேள்வி ஆராயப்பட்டது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம், ஐசோனியசிட் மருந்தைத் தனியாகவும் பாஸ் மருந்துடன் சேர்த்தும் நோயாளிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டு, 1960-இல் முடிவுகளை வெளியிட்டது. சேர்த்துக் கொடுத்ததே மேலானது எனத் தெரிந்தது.

இதன் காரணம் எளிய கணக்கு. பத்து லட்சம் கிருமிகளில் ஒன்று ஒரு மருந்துக்கு அடங்காமல் பிறக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு மருந்துக்கும் சேர்ந்து அடங்காத கிருமி லட்சம் கோடியில் ஒன்றாகத்தான் பிறக்கும். ஒரு மருந்திலிருந்து தப்பியதை மற்றது பிடித்துவிடும்.

இந்தக் கணக்கை அப்படியே மாட்டு மடிக்குக் கொண்டுவருவதில்தான் தவறு நேர்கிறது. காசநோய்க் கிருமி தன் எதிர்ப்பை ஒவ்வொன்றாகத் தானே தேடிக்கொள்கிறது. மடிநோய்க் கிருமிகளில் பலவோ, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை எதிர்க்கும் திறனை ஒரே மூட்டையாகக் கட்டி, பக்கத்துக் கிருமியிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன. மூட்டையாக வாங்குபவனிடம் 'ஒன்று தப்பினால் இன்னொன்று' என்ற கணக்கு செல்லாது. அது மட்டுமன்று, ஒரு மருந்தைத் தொடர்ந்து போட்டால் அதே மூட்டையில் உள்ள மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்து பரவும்.

எந்தச் சேர்க்கை பொருந்தும்?

கூட்டு மருந்து என்று பொதுவாகச் சொன்னாலும், குப்பிக்குள் இருக்கும் இரண்டும் என்ன உறவில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

மிகப் பொருத்தமான உறவு காவலாளும் சண்டைக்காரனும் போன்றது. 1970-களில் கண்டுபிடிக்கப்பட்ட கிளாவுலானிக் அமிலம் தானாகக் கிருமியை அதிகம் கொல்வதில்லை. ஆனால் பென்சிலினை உடைக்கும் நொதியை அது கட்டிப்போட்டுவிடும். அதனுடன் சேர்த்த அமாக்சிசிலின் உடையாமல் போய்க் கிருமியைத் தாக்கும். சல்பாக்டம், டசோபாக்டம் ஆகியவையும் இவ்வகைக் காவலாட்களே. நொதி சுரக்கும் கிருமி என்று பரிசோதனையில் தெரிந்தால் இத்தகைய சேர்க்கைக்கு நியாயம் உண்டு. அப்போதும்கூட, ஸ்டெபிலோகாக்கஸின் நொதிக்கு உடையாத கிளாக்சசிலின் என்ற ஒற்றை மருந்து கையில் இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

ஆனால் காவலாள் எல்லாக் கிருமியிடமும் வெல்வதில்லை. மெதிசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டெபிலோகாக்கஸ் இனம் 1961-இல் பிரிட்டனில் மனிதர்களிடம் கண்டறியப்பட்டது. 1972-இல் பெல்ஜியத்தில் மடிநோய் கண்ட பசுக்களின் பாலிலும் அது இருப்பதாக அறிவித்தனர். இந்த இனம் பென்சிலினை உடைப்பதோடு நிற்பதில்லை. பென்சிலின் போய்ப் பிடிக்கும் பூட்டையே மாற்றி வைத்துக்கொண்டது. சாவி உடையாமல் வந்தாலும் பூட்டு வேறு என்றால் கதவு எப்படித் திறக்கும்? இங்கே கிளாவுலானிக் அமிலம் சேர்த்தும் பயனில்லை.

அடுத்தது பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் சேர்ந்த பழைய கூட்டு. பென்சிலின் கிருமியின் மேல்சுவரைப் பலவீனப்படுத்த, ஸ்ட்ரெப்டோமைசின் உள்ளே நுழைந்து வேலை செய்யும். சில கிருமிகளுக்கு இது நன்கு பலிக்கும். ஆனால் கிருமி ஸ்ட்ரெப்டோமைசினுக்கு முன்பே பழகிப்போயிருந்தால் இரண்டாவது மருந்து வெறும் சுமைதான். பென்சிலினுக்கே கட்டுப்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மடிநோய்க்கு பின்லாந்து, நார்வே, ஸ்வீடன் போன்ற நாடுகளில் முதலில் எடுப்பது இன்றும் தனிப் பென்சிலினையே. பழைய மருந்து என்பதால் அது மட்டமான மருந்தாகிவிடாது.

மூன்றாவதாக, என்ன கிருமி என்று தெரியுமுன் பசுவின் உயிருக்கே ஆபத்து வரும் நேரம். கன்று ஈன்ற சில நாட்களில் கடும் காய்ச்சல், தண்ணீர் போன்ற பால், எழ முடியாமல் படுத்த பசு என்றால், அங்கே மருத்துவர் பலவகைக் கிருமிகளையும் எட்டும்படி மருந்து தொடங்குவது நியாயமே. பரிசோதனை முடிவு வந்ததும் தேவையற்றதை நிறுத்திவிட வேண்டும். அதுவரைதான் அந்த நியாயம்.

ஒன்றை ஒன்று கெடுக்கும் ஜோடி

இனிச் சொல்வது கிராமங்களில் அடிக்கடி நேரக்கூடியது. காலையில் ஒருவர் டெட்ராசைக்ளின் ஊசி போட்டுவிட்டுப் போவார். குணமில்லை என்று மாலையில் இன்னொருவரை அழைக்க, அவர் முந்தைய ஊசியைப் பற்றித் தெரியாமல் பென்சிலின் போடுவார்.

பென்சிலின் வகை மருந்துகள் கிருமி வளர்ந்து தன் சுவரைக் கட்டும்போது அதைத் தடுத்துக் கொல்பவை. டெட்ராசைக்ளின் கிருமியைக் கொல்லாமல் வளர்ச்சியை மட்டும் நிறுத்தி வைக்கும். கட்டட வேலையே நின்றுபோன இடத்தில் கொத்தனாரைத் தடுக்கப் போனவனுக்கு என்ன வேலை? அதுபோல் பென்சிலின் சும்மா நிற்கும்.

இது வெறும் ஏட்டுக் கருத்தன்று. மனிதர்களின் மூளைக்காய்ச்சல் ஒன்றில் அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கண்ணாரக் கண்டு 1951-இல் வெளியிட்டார்கள். பென்சிலின் மட்டும் பெற்ற 43 பேரில் 13 பேர் இறந்தனர். பென்சிலினுடன் டெட்ராசைக்ளின் இனத்தைச் சேர்ந்த ஆரியோமைசினும் பெற்ற 14 பேரில் 11 பேர் இறந்துவிட்டனர். சிறிய ஆய்வுதான். ஆனாலும் மருத்துவ உலகம் அதை மறக்கவில்லை.

எனவே மாட்டுக்குப் போட்ட ஒவ்வொரு ஊசியின் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, யார் வந்தாலும் முதலில் அதைக் காட்டுங்கள். காலிக் குப்பியை எறியாமல் வைத்திருந்தாலும் போதும்.

ஒப்பிட்டுப் பார்த்ததில்

நாட்பட்ட ஸ்டெபிலோகாக்கஸ் மடிநோயில், காம்பு வழியே அமாக்சிசிலின் ஏற்றுவதை மட்டும் ஒரு பக்கமும், அதனுடன் பென்சிலினைத் தசையில் ஊசியாகவும் போடுவதை மறுபக்கமும் வைத்து ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 1988-இல் வெளியாயிற்று. காம்பு வழி மருந்து மட்டும் பெற்ற மடிப்பகுதிகளில் ஏறத்தாழ நாலில் ஒன்று குணமாயிற்று. இரண்டு வழியிலும் பெற்றவற்றில் ஏறத்தாழப் பாதி குணமாயிற்று. இங்கே கவனிக்க வேண்டியது, சேர்ந்த இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள். இரு பக்கமிருந்தும் மருந்து எட்டியதே வெற்றிக்குக் காரணம் என்று கொள்வது பொருந்தும். அப்படியும் மறுபாதி குணமாகவில்லை என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று மனிதர்களிடம் செய்தது. பல மருந்துகளுக்கும் அடங்காத கிருமியால் கடுமையாகத் தாக்கப்பட்ட 406 பேரை இஸ்ரேல், கிரீஸ், இத்தாலி நாடுகளின் மருத்துவமனைகளில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கொலிஸ்டின் மட்டும். மற்றதற்குக் கொலிஸ்டினுடன் மெரோபெனம். 2018-இல் வந்த முடிவு: தனி மருந்தில் சிகிச்சை தோற்றது 79 சதவீதம் பேரிடம், கூட்டு மருந்தில் 73 சதவீதம் பேரிடம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவே என்று ஆய்வாளர்கள் கூறிவிட்டார்கள். வயிற்றுப்போக்கு மட்டும் கூட்டு மருந்துக்காரர்களிடம் அதிகம். அந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை மெரோபெனத்துக்கு முன்பே அடங்காதவை. அடங்காத கிருமிக்கு அந்த மருந்தையே துணைக்கு அனுப்பினால் வேறென்ன நடக்கும்?

கொலிஸ்டின் நம் கோழிப் பண்ணைகளுக்கு அறிமுகமான பெயர்தான். மனிதர்களுக்குக் கடைசிப் புகலிடமாக உள்ள மருந்துகளுள் ஒன்று என்பதால், உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் அதைப் பயன்படுத்துவதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. செப்ட்ரையாக்சோன் போன்ற மருந்துகளையும் மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமானவை என்று உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்டுள்ளது. அதை டசோபாக்டத்துடன் சேர்த்து மாட்டுக்கென விற்கிறார்கள். எடுத்த எடுப்பில் இதைக் கேட்டு வாங்குவது நல்ல பழக்கமன்று.

பாதி அளவு என்ற நஷ்டம்

கலவைக் குப்பியில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஆம்பிசிலினும் கிளாக்சசிலினும் பாதிக்குப் பாதி கலந்த 4 கிராம் குப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மடியில் இருப்பது கிளாக்சசிலினுக்கு மட்டும் கட்டுப்படும் கிருமி என்றால், அதற்கு எதிராகப் போவது 2 கிராம்தான். மீதி 2 கிராமுக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள். மாட்டின் எடைக்கு 2 கிராம் போதாது என்றால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

பாலிலும் நஷ்டம் உண்டு. ஊசி போட்ட பசுவின் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்பது குப்பியின் மேல் எழுதியிருக்கும். அவ்வாறு உறுதி செய்யப்பட்ட காலம் இல்லாத மருந்துக்குக் குறைந்தது 7 நாட்கள் என்று 2012-இல் மத்திய அரசு விதி செய்தது. இரண்டு மருந்து போட்டால், எதற்கு அதிக நாளோ அதுவே கணக்கு. நாளொன்றுக்கு 10 லிட்டர் தரும் பசுவானால் 7 நாளில் 70 லிட்டர். காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் போகாது. அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாததை வீட்டுப் பெண்களே கண்டிருப்பார்கள். உறையில் உள்ள நல்ல கிருமிகளையும் மருந்து விடுவதில்லை. வீணாக்குவானேன் என்று கன்றுக்கும் ஊட்டக் கூடாது. கன்றின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக அதுவே வழியாகிவிடும்.

முதல் ஊசிக்கு முன் பால்

எந்த மருந்து என்று முடிவு செய்ய உதவுவது பால் பரிசோதனையே. ஊசி போட்ட பின் எடுத்த பாலில் கிருமி வளராமல் போகலாம். ஆகவே முதல் ஊசிக்கு முன்பே எடுக்க வேண்டும். கையைச் சோப்பால் கழுவி, காம்பைத் துடைத்து உலர்த்தி, காம்பு நுனியை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் நன்கு துடைக்கவும். முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைக் கீழே விட்டுவிட்டு, கால்நடை மருந்தகத்தில் கொடுக்கும் கிருமி நீக்கிய குப்பியில் சிறிதளவு கறந்து உடனே மூடவும். குப்பியின் வாயிலோ மூடியின் உட்புறத்திலோ விரல் படக் கூடாது. எந்தக் காம்பு என்று மேலே எழுதி, பனிக்கட்டியில் வைத்து அன்றே சேர்ப்பிக்கவும். மாவட்டங்களில் உள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுகளிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கு வழி உண்டு. முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். காய்ச்சலுள்ள பசுவை அதுவரை காக்க வைக்கக் கூடாது. பாலை எடுத்துக்கொண்டு மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்.

வீக்கம் தெரியாமல் உள்ளேயே இருக்கும் நோயை வீட்டிலும் கண்டுபிடிக்கலாம். 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் துணி துவைக்கும் தூளைக் கரைத்து, அதில் சிறிதும் அதே அளவு பாலும் ஒரு தட்டில் ஊற்றிச் சுழற்றவும். கூழ் போலத் திரண்டால் அந்தக் காம்பில் கோளாறு உண்டு.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் பூசும் முறையைத் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் பரப்பி வருகிறது. வீக்கம் தொடங்கியவுடன் இதைச் செய்யலாம். பசுவுக்குக் காய்ச்சல் கண்டபின் இதை மட்டும் நம்பி நாளைக் கடத்துவது ஆபத்து.

எந்த மருந்தும் எல்லாப் பசுவுக்கும் ஒரே பலன் தருவதில்லை. முதல் ஈற்றுப் பசு, ஒரே காம்பில் நோய், புதிதாக வந்தது என்றால் குணமாகும் வாய்ப்பு நல்லது. ஈற்று பல கண்டு, இரண்டு மூன்று காம்பில் நாட்பட்டுத் தடித்த மடியானால் வாய்ப்பு குறைவு. இத்தகைய பசுவுக்குக் கறவைக் காலத்தில் மருந்துக்கு மேல் மருந்து மாற்றிச் செலவழிப்பதைவிட, பால் வற்ற வைக்கும் நாளில் காம்பு வழியே நீண்ட நாள் நிற்கும் மருந்தை ஏற்றுவது மேல். அதற்கும் கேட்காத பசுவை மந்தையில் வைத்திருப்பது மற்ற பசுக்களுக்குக் கேடு.

கறந்தபின் ஒவ்வொரு காம்பையும் 0.5 சதவீத அயோடின் கரைசலில் முக்கி எடுக்கவும். அரை மணி நேரமாவது பசு படுக்காதபடி தீவனம் போட்டு நிற்க வைக்கவும். அதற்குள் காம்புத் துவாரம் மூடிக்கொள்ளும். நோய்ப் பசுவைக் கடைசியில் கறக்கவும். சிகிச்சைக்குப் பிறகு பால் வெள்ளையாக வந்துவிட்டது என்பதால் கிருமி போய்விட்டதாகப் பொருளல்ல. இரண்டாவது வாரத்திலும் நான்காவது வாரத்திலும் அதே காம்பின் பாலை மறுபடி பரிசோதனைக்குக் கொடுத்து, இரண்டு முறையும் கிருமி இல்லை என்று வந்த பிறகே அப்பசுவை மற்றவற்றோடு வரிசையில் சேர்த்துக் கறக்கலாம்.